நடந்தால் படிப்பு கெடுமா?

கேள்வி: டெல்லி பழைய ராஜேந்திர நகரில் தங்கி யூ.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். மதியத்துக்கு மேல் படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அம்மா ‘கொஞ்சம் நடந்துவிட்டு வா’ என்கிறார். நேரம் வீணாகாதா?

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் டிரெட்மில்லில் 20 நிமிடம் நடந்தார்கள். சுற்றியுள்ள குறிகளை ஒதுக்கி, நடுவில் உள்ளதை மட்டும் கவனிக்கும் சோதனையில், சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாளில் பிழை குறைந்தது. உடல் அசையும்போது மூளையை விழிப்பாக வைக்கும் நார்-அட்ரினலின், டோபமைன் போன்றவற்றின் சுரப்பு கூடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது களைப்பைவிடக் கவலைதான். ‘இந்த முறையும் போய்விடுமோ’ என்ற எண்ணம், பாடம் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. மனநிலைக்கும் படிப்புக்கும் உள்ள இந்த உறவை மதித்துத்தான் டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கினார்கள். அப்போது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தினம் ஒரு பீரியட் இருந்தது. பெரியவர்களுக்கு அப்படி யாரும் மணி அடிப்பதில்லை. மூன்று மணிக்கு நீங்களே புத்தகத்தை மூடிவிட்டு, மூச்சு சற்று வாங்கும் வேகத்தில் 20 நிமிடம் நடங்கள். போனை அறையிலேயே வைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: நவம்பர், டிசம்பரில் டெல்லிக் காற்று நஞ்சாகும் நாட்களில் வெளியே வேண்டாம். அறைக்குள்ளேயே உடற்பயிற்சி செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் சோர்ந்தே இருந்தால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.