மரையும் மானும்: உருவறிந்து வேலி அமைத்தல்

காட்டை அடுத்து வயலும் தோட்டமும் உடைய கமக்காரரிடம், இரவிற் பயிரை மேய்ந்து சென்ற பிராணி யாது என வினவினால், “மான்” என்பர். அவ்விடை போதாது. நமது காடுகளில் மான் என வழங்கப்படுவன, 3 கிலோகிராம் எடையுள்ள சருகுமான் தொடக்கம் 200 கிலோகிராமைக் கடந்த மரை ஈறாக உள. ஒன்றைத் தடுக்கும் வேலி மற்றொன்றைத் தடுக்காது.

இவற்றுள் மிகப் பெரியது மரை. வளர்ந்த ஆண் மரை தோள்வரை 4 முதல் 5 அடி உயரமும், 200 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையும் உடையது. பெண் மரை இதனிற் சிறியது. பெரும்பாலும் தனித்தோ, இரண்டு மூன்றாகவோ இரவில் வரும். ஈரநிலத்திற் பதிந்த அதன் சுவட்டை மாட்டின் சுவடென மயங்குவோர் உளர். மரையின் சுவடு ஒடுங்கி, முன்புறம் கூர்மையாக இருக்கும்.

புள்ளிமானின் அளவைத் திருகோணமலைக் கோட்டைப் பக்கம் சென்றவர் நன்கறிவர். ஆண் தோள்வரை ஏறக்குறைய 3 அடி உயரமும் 70 கிலோகிராம் வரை எடையும் கொள்ளும். பெண் 45 அல்லது 50 கிலோகிராம் இருக்கும். இது கூட்டமாக மேய்வது. நாய்போலக் குரைக்கும் கேளையாடு 2 அடி உயரத்தைத் தாண்டாது. எடை 20 கிலோகிராம் அளவே. சருகுமானுக்குக் கொம்பே இல்லை. அதனாற் பயிருக்கு நேரும் சேதமும் அற்பம்.

கொம்பின் நீளத்தைக் கொண்டு எடையை மதித்தல் தவறு. மரை, மான் ஆகியவற்றின் கொம்பு விழுந்து மீண்டும் முளைப்பது. பழைய வேட்டைக்காரர் கூறும் எடைகளையும் அப்படியே கொள்ளுதல் வேண்டா. குடல், தலை, தோல் நீக்கிய உடல் உயிரெடையிற் பாதிக்குச் சற்று மேற்பட்டதே. சிலர் அதனையே முழு எடை என்பர். வேறு சிலர் கதை சொல்லுந்தோறும் எடையைக் கூட்டுவர்.

எடையை அறிவதாற் கமக்காரர் அடையும் பயன் யாது? அசைபோடும் பிராணி நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை உலர்தீன் உண்ணும். பச்சைப் பயிரில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே 200 கிலோகிராம் மரை ஒன்று 25 கிலோகிராம் பச்சைத் தீன் தின்னக்கூடும். சராசரி 50 கிலோகிராம் எடையுள்ள 20 புள்ளிமான்கள் சேர்ந்தால் 125 கிலோகிராம் ஆகும். மிதித்து அழிப்பது வேறு. இளம் பயற்றஞ் செடிகளுக்கு ஓரிரவே போதும்.

இனி வேலி. புள்ளிமான் ஏறக்குறைய 5 அடி உயரத்தைத் தாண்ட வல்லது. ஆயினும் தாண்டுவதினும் கீழே நுழைந்து செல்வதையே அது விரும்பும். மேலே மேலே முட்கம்பி கட்டிப் பணத்தைச் செலவிட்டு, அடியில் ஒரு முழ இடைவெளியை விட்டிருக்கும் கமக்காரர் பலரைக் கண்டிருக்கிறோம். முதலில் அடியை அடையுங்கள். கதியால்களுக்கிடையே அலம்பலை நிலத்தோடு பொருந்த நெருக்கிக் கட்டுக. வாய்க்கால் வேலியைக் கடக்கும் இடத்தையும், மழைநீர் அரித்த பள்ளத்தையும் தடி நட்டு அடைக்குக. பெரும்போக மழையின் பின் இவ்விடங்களை மறுபடி பார்க்க வேண்டும். அதன் பின்னரே வேலியை 6 அடிக்கு உயர்த்துக.

மரைக்கு 6 அடி போதாது. 8 அடி வேண்டும். வயல் முழுவதற்கும் அவ்வாறு அமைத்தல் பெருஞ்செலவு. ஆதலின் மரை வரும் இடங்களில் நாற்றுமேடையையும் மரக்கறித் தோட்டத்தையும் மாத்திரம் உயர்ந்த வேலிக்குள் அடக்கி, நெல் வயலைக் காவலாற் காப்பதே எமது அபிப்பிராயம்.

மரையையும் மானையும் கொல்லுதல், இறைச்சியை விற்றல் ஆகியன 1937 ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் தடுக்கப்பட்டவை. கட்டுத்துவக்கு வையாதீர்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியிற் பாய்ச்சாதீர்கள். 50 கிலோகிராம் மானுக்கும் அதே எடையுள்ள பிள்ளைக்கும் அக்கம்பி வேற்றுமை காணாது. விடியுமுன் தண்ணீர் கட்ட வரும் அயலவர் அதனை அறியார். சேதம் மிகுமாயின் சுவட்டின் அளவையும், வந்த வழியையும் குறித்துக்கொண்டு உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் வருக.