விண்மீன் காட்டிய பருவம்: பண்டை எகிப்தியரின் நாட்கணக்கு

விதைக்கும் நாள் தவறினால் விளைவும் தவறும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்த நாளை அறியும் பொருட்டுப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வானத்தை நாடியவர்கள் எகிப்தியர். அவர்களுடைய நாட்கணக்கில் பெரியதொரு திறமையும் சிறியதொரு குறையும் சேர்ந்தே இருந்தன. இவ்விரண்டையும் இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

எகிப்து மழை மிகக் குறைந்த நாடு. அங்கு உழவுக்கு ஆதாரம் நைல் நதி. எத்தியோப்பிய மலைநாட்டில் கோடையில் பெய்யும் பருவமழையால் அந்நதி ஆண்டுதோறும் பெருகிற்று. ஜூன் மாத இறுதியில் நீர் ஏறத் தொடங்கும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வயல்களை மூடி நிற்கும். பின்னர் வண்டலை விட்டு வடியும். ஈரம் காயுமுன் கோதுமையும் பார்லியும் ஆளியும் விதைத்தனர். ஆளிச் செடியின் நாரிலிருந்தே அந்நாட்டு நெசவாளர் நூல் நூற்றனர். செடி பசுமையாய் இருக்கையில் பிடுங்கினால் மெல்லிய துணிக்கு ஏற்ற நார் கிடைக்கும். முற்றவிட்டால் கயிற்றுக்கு ஏற்ற முரட்டு நாரே கிடைக்கும். ஆதலின் உழவரைப் போன்றே நெசவாளரும் வெள்ளத்தின் காலத்தை நம்பி வாழ்ந்தனர்.

ஆண்டினை நான்கு மாதங்கள் கொண்ட மூன்று பருவங்களாக அவர்கள் வகுத்தனர். வெள்ளப் பருவம் 'அகெத்', பயிர்ப் பருவம் 'பெரெத்', அறுவடைப் பருவம் 'ஷெமு' எனப்பட்டன.

வெள்ளத்திற்குமுன் கரைகளைச் செப்பனிட வேண்டும். வாய்க்கால்களைத் தூர்வார வேண்டும். தானியத்தையும் கால்நடைகளையும் மேட்டிற்குக் கொண்டு செல்ல வேண்டும். இவ்வேலைகளுக்குக் காலம் காட்டியது, இரவு வானில் மிக்க ஒளியுடைய சிரியஸ் என்னும் விண்மீன். எகிப்தியர் இதனைச் 'சொப்தெத்' என்றனர். தை, மாசி மாதங்களில் முன்னிரவில் நாமும் இதனைக் காணலாம். வேடன் எனப்படும் ஓரியன் கூட்டத்தின் இடையில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைத் தென்கிழக்காகத் தொடர்ந்து சென்றால் பார்வை அதில் சென்று முடியும்.

ஞாயிறு ஓராண்டில் விண்மீன்களிடையே ஒரு சுற்றுச் சுற்றுவதுபோல் நமக்குத் தோன்றுகின்றது. அது சிரியஸுக்கு அருகில் வரும்போது, அவ்விண்மீன் ஞாயிற்றுடனேயே உதித்து மறைவதால், அதன் ஒளியில் மங்கி, ஏறக்குறைய 70 நாட்கள் கண்ணுக்குத் தென்படுவதில்லை. பின்னர் ஒரு நாள் விடியலுக்குச் சற்றுமுன் கீழ்வானில் சிறிது நேரம் மீண்டும் தோன்றும். பண்டை எகிப்தில் இந்நாள் ஜூலை மாதத்தில், நைல் பெருகத் தொடங்கும் காலத்தை ஒட்டி வந்தது. அதனையே புத்தாண்டின் அறிகுறியாகக் கொண்டனர்.

அரசு அலுவலகங்களுக்கோ எளிய கணக்கொன்று தேவைப்பட்டது. ஒரு மாதத்திற்கு 30 நாட்கள், 12 மாதங்களுக்கு 360 நாட்கள், இறுதியில் 5 நாட்கள், ஆக 365. வரியும் கூலியும் கோயில் படித்தரமும் இக்கணக்கின்படியே எழுதப்பட்டன. ஆயின் பருவங்கள் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 365¼ நாட்கள் ஆகும். அந்தக் கால் நாளை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. 4 ஆண்டுகளில் ஒரு நாள், 120 ஆண்டுகளில் ஒரு மாதம் என ஏட்டுக் கணக்கு வானத்திலிருந்து விலகிற்று. முழுச் சுற்றும் சுற்றி மீண்டும் பொருந்த ஏறக்குறைய 1460 ஆண்டுகள் வேண்டும்.

இதனை விளக்கும் அலுவலகக் கடிதம் ஒன்று கிடைத்துள்ளது. கி.மு. 19-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் செனுஸ்ரெத் மன்னனின் 7-ஆம் ஆட்சியாண்டில், லாஹூன் என்னும் ஊரின் கோயில் குருக்களுக்கு அது எழுதப்பட்டது. விழாவுக்கு ஆயத்தம் செய்யும் பொருட்டு, பெரெத் பருவத்தின் 4-ஆம் மாதம் 16-ஆம் நாளில் சொப்தெத் தோன்றும் என அது முன்கூட்டியே அறிவிக்கின்றது. ஆண்டின் முதல் நாளில் தோன்ற வேண்டிய விண்மீன், ஏட்டின்படி 226-ஆம் நாளில் தோன்றிற்று! ஏட்டிலோ பயிர்ப் பருவம். ஆற்றிலோ வெள்ளம் வரும் காலம். ஏட்டை மட்டும் நம்பி விதைத்தவன் விதையையும் இழந்திருப்பான். கடிதம் எழுதியவர் ஏட்டின் தேதியையும் எழுதினார், வானத்தையும் பார்த்தார்; ஆதலால் விழா தவறவில்லை.

விண்மீன் காலத்தைக் காட்டுமேயன்றி நீரின் அளவைக் காட்டாது. அதற்கென எலிஃபன்டைன் தீவு போன்ற இடங்களில் அளவுக் கோடுகள் செதுக்கிய படிகளை அமைத்து, வெள்ளத்தின் உயரத்தைக் குறித்தனர்.

கணக்கின் குறையைத் திருத்த கி.மு. 238-இல் மூன்றாம் தாலமி மன்னனின் காலத்தில் கனோபஸ் நகரில் கூடிய குருமார், 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு நாளைச் சேர்க்குமாறு கட்டளையிட்டுக் கல்லிலும் பொறித்தனர். பழகிய வழக்கம் அதற்கு இடம் தரவில்லை. பின்னர் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் ஆட்சியிலேயே அத்திருத்தம் நிலைத்தது. அவ்வாறு திருந்திய கணக்கு எகிப்தின் காப்டிக் கிறித்தவரிடையே இன்றும் வழங்குகின்றது. 1970-இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்பட்டபின் அந்நாட்டு வயல்களில் பழைய வெள்ளம் வருவதில்லை. விண்மீன் மட்டும் ஆண்டுதோறும் தவறாது தோன்றுகின்றது.

சங்கங்களின் கணக்கைச் சரிபார்க்கும் நாம் இதிலிருந்து அறிய வேண்டுவது உண்டு. கால் நாள் ஒரு பொருட்டா என்று விட்டதே ஏழரை மாத வேறுபாடாக வளர்ந்தது. இருப்புப் பதிவேட்டிற்கும் கிடங்கிற்கும் ஒரு சிட்டம் நூல் வேறுபட்டாலும் அன்றே காரணம் காண வேண்டும். பயிர்க் கடன் தவணை ஏட்டின்படி சரியாயிருந்தும் அறுவடைக்கு முன்பே வந்து நின்றால், அங்கத்தினர் எதை விற்றுச் செலுத்துவார்? அவர் நாணயம் தவறியவர் அல்லர். தவணை நாள்தான் தவறானது. ஆகவே கமிட்டியார் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பதிவேட்டைக் கையில் ஏந்தி, வயலையும் கிடங்கையும் நேரில் கண்டு, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவாராக.