வறண்ட நாட்டுத் தவளைகளும் மாட்டுக் குட்டைகளும்

தவளை நீரை நம்பி வாழும் பிராணி என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அதன் தோல் மெல்லியது. ஈரம் அற்றால் உயிர் நில்லாது. அங்ஙனமிருக்க, ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்மேற்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை அடுத்த அரிஜோனா மாகாணத்துப் பாலை நிலத்தில் பலவகைத் தவளைகள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள டூஸான் நகரில் வருஷ மழை சுமார் 11 அங்குலமே. அதிலும் ஏறக்குறைய பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரையில் இடி மின்னலுடன் பெய்து தீர்ந்துவிடும். இப்பிராணிகளுட் சில இன்று மாடு வளர்ப்போர் வெட்டிய குட்டைகளையே பெரிதும் சார்ந்திருத்தலால், குளம் குட்டை உடையோர்க்கும் அவற்றைப் பார்வையிடும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் இவ்விஷயம் அயலானதன்று.

முதலில் மண்வெட்டிக்கால் தவளையைக் கவனிப்போம். இதன் பின்னங்கால் ஒவ்வொன்றிலும் கறுத்துக் கடினமான ஓர் அலகு உண்டு. அதனால் மண்ணைத் தள்ளிக்கொண்டு, பின்புறமாகவே பூமிக்குள் இறங்கும். வருஷத்தில் எட்டு முதல் பத்து மாதம் வரை, சில சமயம் இரண்டு மூன்று அடி ஆழத்தில், உண்ணாது கிடக்கும். மூத்திரப்பையில் சேர்த்து வைத்த நீர் அதற்குச் சேமிப்பு. மண் மேலும் காயுமானால், உடலில் யூரியா என்னும் பொருளைப் பெருக்கிக்கொண்டு, சுற்றியுள்ள மண்ணினின்றும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். (நாம் பயிருக்கு இடும் யூரியாவும் அதுவே.)

இதனை எழுப்புவது ஈரமன்று. மழையும் இடியும் நிலத்தில் உண்டாக்கும் அதிர்ச்சியே எனச் சோதனைகளால் கண்டிருக்கிறார்கள். உலர்ந்த மண்ணில் மோட்டார் யந்திரத்தால் அதிர்ச்சி உண்டாக்கியபோதும் அவை வெளிவந்தன. ஆகையால் மழையற்ற காலத்தில் பாலையில் மோட்டார் வாகனங்களைக் கண்டபடி ஓட்டுவது இவற்றை வீணே எழுப்பிக் கொல்லக்கூடும் என்ற கவலை உண்டு.

மழை இரவில் மேலே வந்தவை அன்றே புதுநீரிற் கூடி முட்டையிடுகின்றன. அதே பருவத்தில் ஈசலும் புறப்படும். ஒரே இரவில் தம் எடையிற் பாதி அளவும் தின்றுவிடும். முட்டை ஒரு நாளைக்குள் பொரிக்கும். தலைப்பிரட்டை எட்டு ஒன்பது நாளிலேயே கால் முளைத்துக் கரையேற வல்லது. நீர் அதற்கு முன் வற்றினால் அத்தனையும் மடியும். ஆகவே இப்பிராணிக்கு வாழ்வும் சாவும் ஒரு வாரத்து நீர் நிற்பதைப் பொறுத்ததாகும்.

இங்கே ஓர் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வற்றிப்போகும் குட்டை உபயோகமற்றது என்றும், எல்லாக் குட்டையையும் ஆழப்படுத்தி நீரை நிறுத்திவைப்பதே நல்லது என்றும் பலர் நினைப்பர். வருஷந்தோறும் காய்வதே மண்வெட்டிக்கால் தவளைக்குப் பாதுகாப்பு. காய்ந்த குட்டையில் மீன் வாழாது. கொசுவை ஒழிக்க விடும் சிறு மீனும் தவளை முட்டையையும் குஞ்சையும் தின்னும். ஆகவே பத்துப் பதினைந்து நாள் மட்டும் நீர் நிற்கும் பள்ளங்களை மேடாக்காமலும், மீன் விடாமலும் இருப்பதே இதற்குச் செய்யும் உதவி.

ஆனால் எல்லாவற்றுக்கும் இவ்விதி பொருந்தாது. பாலையை அடுத்த புல்வெளிகளில் வாழும் சிரிகாவா புள்ளித் தவளைக்கு வறட்சிக் காலத்திலும் நீர் வேண்டும். ஸான் ரபேல் பள்ளத்தாக்கில் மட்டுமே காணப்படும் ஒருவகைச் சாலமாண்டருக்கும் (பல்லி போன்ற வடிவும் தவளையின் ஈரத்தோலும் உடையது) நெடுநாள் நிற்கும் நீரே ஏற்றது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஓடைகள் ஆழ அறுத்துக்கொண்டு சதுப்பு நிலங்கள் வடிந்துபோனமையால், இச்சாலமாண்டர் இப்போது ஏறக்குறைய முற்றிலும் மாட்டுக் குட்டைகளிலேயே இனம் பெருக்குகிறது. 1994-ம் வருஷத்துக் கடும் வறட்சியில், எல்லைப்புறத்து மாட்டுப் பண்ணைக் குடும்பம் ஒன்று, தன் குட்டையிலிருந்த புள்ளித் தவளைகளுக்காக வாரந்தோறும் சுமார் 1,000 காலன் நீரை வண்டியில் கொண்டுவந்து ஊற்றியது. தவளைக்காக நீர் சுமந்ததைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. என் அபிப்பிராயத்தில் அது சிரிப்பதற்குரிய செயலன்று.

சர்க்கார் சாலமாண்டரை 1997-லும் புள்ளித் தவளையை 2002-லும் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. தன் குட்டையில் தவளை இருப்பது தெரிந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சும் சொந்தக்காரன் அதனை மறைக்கவோ அழிக்கவோ துணிவான் அன்றோ? இதனை உணர்ந்து, தனியார் நிலத்தில் மாட்டுக் குட்டைகளை வழக்கம்போல் உபயோகித்துப் பராமரிப்பதால் புள்ளித் தவளைக்கு நேரும் சேதம் குற்றமாகாது என அச்சட்டத்தின்கீழ் விதி செய்தனர். அதிகாரிகள் நன்கு கவனிக்கத்தக்க ஏற்பாடு இது.

நிலைத்த நீருள்ள குட்டையில் பெரும் பகை, அந்நாட்டுக் கிழக்குப் பகுதியிலிருந்து மேற்கே கொணரப்பட்ட மாட்டுத் தவளை. அது தன்னினும் சிறிய தவளைகளையெல்லாம் விழுங்கும். அதன் தலைப்பிரட்டை வளரப் பல மாதம் செல்லுமாதலால், குட்டையை வற்றச் செய்வது அதனை ஒழிக்கும் வழிகளுள் ஒன்று. தூண்டிலுக்கு இரையாக அயலிடத்துச் சாலமாண்டரைக் கொண்டுவருவதும் கேடு. உள்ளூர் இனத்தோடு கலந்து அதனைக் கெடுத்துவிடும். தவளைத் தோலைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சை நோயும் நீரோடும் சேற்றோடும் பரவுகிறது. ஒரு குட்டையில் உபயோகித்த வலையையும் ஜோட்டையும் கழுவி, நன்றாய் வெயிலில் உலர்த்திய பின்னரே மற்றொன்றில் இறங்க வேண்டும். வண்டல் எடுக்கும்போது முழுக் குட்டையையும் ஒரே தடவையில் வாராமல், ஒரு பாதியைச் சேறும் செடியும் நீருமாக விட்டு, மற்றப் பாதியை எடுக்கலாம். மாடு இறங்கும் துறையை ஒரு பக்கமாக வைத்து எதிர்க்கரைக்கு வேலியிட்டால், அங்கே கோரை முளைத்து முட்டைக்கு மறைவு உண்டாகும்; கரையும் மாட்டுக் குளம்பால் இடியாது.