கேட் மூடினால் ஊர் என்ன ஆகும்?



'பாடி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் என்று ஒரு பொருள். படை தங்கும் பாசறை என்று இன்னொரு பொருள். நம்ம பாடிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியைத் தமிழ் அய்யாக்களுக்கு விட்டுவிடுவோம். ஆனால் பாடியிலிருந்து எம்.டி.எச். ரோட்டில் மேற்கே போனால், அம்பத்தூர் எஸ்டேட், அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி என்று வழிநெடுக படைக்கும் ஊருக்கும் உள்ள உறவைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆவடியில் 'டேங்க் பேக்டரி' என்று நாம் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. இந்தியாவில் தயாரான முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் அங்கிருந்துதான் வெளியே வந்தது. பக்கத்திலேயே ராணுவ உடைத் தொழிற்சாலை, எஞ்சின் பேக்டரி, டாங்கிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையம், விமானப்படை நிலையம். இவ்வளவையும் சுற்றித்தான் ஆவடி மார்க்கெட்டும், வாடகை வீடுகளும், எஸ்டேட்டில் உள்ள பல லேத் பட்டறைகளும் பிழைக்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. ராணுவத்தை நம்பி ஓர் ஊர் வளர்ந்த பிறகு ராணுவம் கிளம்பிவிட்டால், அல்லது வாங்குவதைக் குறைத்துக்கொண்டால், அந்த ஊர் என்ன ஆகும்? அரசாங்கம் என்ன செய்ய முடியும்? இது நமக்குச் சம்பந்தமில்லாத பொருளாதாரப் பாடம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் பாதிப் பேர் அப்ரண்டிஸுக்கு மனு போடப்போவது இந்தப் பக்கத்துக் கேட்டுகளில்தான்!

பல்சக்கரக் கணக்கு

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். கியர் டிரெயினில் டிரைவர் கியர் நின்றால் அதோடு கடித்திருக்கும் எல்லா கியரும் நிற்கும். கடைசி கியர் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தப்பிக்க முடியாது.

ராணுவத் தளமோ பேக்டரியோ ஒரு டிரைவர் கியர். அங்கே சம்பளம் வாங்குபவர் இரண்டாவது கியர். அவருக்கு பிராக்கெட், புஷ், வாஷர் செய்து தரும் ஜாப்-ஒர்க் பட்டறை மூன்றாவது. அந்தப் பட்டறைக்கு ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் செய்து தருபவர் நான்காவது. இவர்கள் எல்லோருக்கும் டீ போடுகிறவர், அரிசி விற்கிறவர், வீடு வாடகைக்கு விடுகிறவர் என்று சங்கிலி நீள்கிறது. முதல் இடத்தில் ஒரு வேலை போனால் மற்ற இடங்களில் எத்தனை வேலை போகும் என்று கணக்குப் போடுவதைப் பொருளாதாரத்தில் 'பெருக்கு விளைவு' என்பார்கள்.

இதில் ஒரு கொடுமை உண்டு. முதல் கியருக்கு நஷ்ட ஈடு, பணிக்கொடை எல்லாம் சட்டப்படி கிடைக்கும். நான்காவது கியரின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இருக்காது.

சிங்கப்பூர் காட்டிய வழி

இந்தப் பாடத்துக்கு உலகத்திலேயே நல்ல உதாரணம், நம் ஆட்கள் ரத்தமும் வியர்வையும் சிந்திய சிங்கப்பூர்தான். அது தனி நாடானது 1965 ஆகஸ்டில். தீவில் செம்பவாங் கடற்படைத் தளம், சாங்கி, செலிட்டார், தெங்கா விமானத் தளங்கள் என்று பிரிட்டிஷ் ராணுவம் பரவியிருந்தது. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தளங்களால் வந்தது. நேரடி வேலையில் மட்டும் உள்ளூர்க்காரர்கள் 25,000 பேருக்கு மேல். செம்பவாங் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் வேலை பார்த்தார்கள்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன், கிழக்கிலுள்ள படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்த நாட்டுக்கு அது இடி விழுந்த மாதிரி. அப்போது அந்த அரசு செய்த வேலைகளை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, நாள் வாங்கினார்கள். 1971 மார்ச்சில் காலி செய்வது என்றுதான் லண்டன் முடிவெடுத்திருந்தது. பிரதமர் லீ குவான் யூ நேரில் போய் வாதாடி அதை 1971 கடைசி வரை தள்ளிவைத்தார். ஒன்பது மாதம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு டர்னரை வேறு மெஷினுக்குப் பழக்க ஒன்பது மாதம் தாராளம்.

இரண்டாவது, பணம் வாங்கினார்கள். பிரிட்டன் 5 கோடி பவுண்ட் உதவி தந்தது. அதில் கால் பங்குதான் மானியம். முக்கால் பங்கு கடன். அதையும் பிரிட்டிஷ் பொருள், பிரிட்டிஷ் சேவை வாங்கவே செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை. கொடுக்கிற கை எப்போதும் ஒரு நூலைக் கட்டித்தான் கொடுக்கும்!

மூன்றாவது, இந்த வேலைக்கென்றே தனி இலாகா. தளங்களைப் பொருளாதாரத்துக்கு மாற்றும் துறை என்று 1968-லேயே ஒன்றை அமைத்தார்கள். எந்தக் கட்டடம், எந்த ஓடுபாதை, எந்தப் பட்டறை யாருக்குப் பயன்படும் என்று பார்ப்பதே அதன் வேலை. தீவின் நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு தளங்களின் கையில் இருந்தது என்றால் அந்த வேலையின் அளவை யோசித்துப் பாருங்கள்.

நான்காவது, மெஷினும் ஆளும் பிரியாமல் பார்த்துக்கொண்டார்கள். செம்பவாங் கப்பல் பட்டறையைப் பெயருக்கு ஒரே ஒரு டாலர் விலையில் அரசு வாங்கியது. ஸ்வான் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியை நிர்வாகத்துக்கு வைத்தார்கள். நேற்று வரை போர்க்கப்பலைப் பழுதுபார்த்த வெல்டர், இன்றிலிருந்து வணிகக் கப்பலைப் பழுதுபார்த்தார். சாங்கி விமானத் தளம் இருந்த இடத்தில் 1981-இல் பன்னாட்டு விமான நிலையம் வந்தது.

ஐந்தாவது, பயிற்சி. 1968-இல் கல்வி அமைச்சகத்தில் தொழில்நுட்பக் கல்விக்கென்று தனித் துறை தொடங்கினார்கள். வேலை போனவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடந்தன. அதே ஆண்டில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குத் தனிக் கழகம், வளர்ச்சி வங்கி இரண்டும் பிறந்தன. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஆள் பற்றாக்குறை என்ற நிலைமை வந்துவிட்டது.

எல்லாம் சுபம் என்று முடித்துவிடலாமா? முடியாது. சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத தொழிலாளர்கள் பலர், கையில் கிடைத்த பணிக்கொடையோடு தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் கப்பல் ஏறினார்கள். அந்தத் தளத்தின் டிரை டாக்கில் ஆயுளைக் கழித்தவர்கள், புதிய கணக்கில் சேரவில்லை. உதவித் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யார் யார் அதற்குள் வருகிறார்கள் என்று ஒரு கோடு போடப்படும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதுதான் ஏழைத் தொழிலாளியின் தலையெழுத்து.

சூபிக் தரும் எச்சரிக்கை

பிலிப்பைன்ஸில் சூபிக் வளைகுடா என்ற இடத்தில் அமெரிக்காவின் பெரிய கடற்படைத் தளம் இருந்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர்கள் கிளம்பினார்கள். அதே ஆண்டு மார்ச்சிலேயே தளங்களை மாற்றியமைக்கும் சட்டத்தை அந்நாடு போட்டிருந்தது. ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் தொண்டர்களாகத் திரண்டு, கட்டடங்கள் சூறையாடப்படாமல் காவல் காத்தார்கள். 1995-இல் ஃபெடெக்ஸ் கம்பெனி தன் ஆசிய விமான மையத்தை அங்கே கொண்டுவந்தது. ஊருக்கே கொண்டாட்டம்!

ஆனால் 2009-இல் அந்தக் கம்பெனி சீனாவின் குவாங்ஜோவுக்குப் போய்விட்டது. பிறகு வந்த ஹன்ஜின் என்ற பெரிய கொரியக் கப்பல் கட்டும் கம்பெனி 2019 ஜனவரியில் கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றத்துக்குப் போனது. மறுபடி ஆயிரக்கணக்கானவர்கள் வீதியில். ஒரு பெரிய முதலாளியிடமிருந்து இன்னொரு பெரிய முதலாளிக்கு ஊரையே அடகு வைத்தால், பல்சக்கரக் கணக்கு மாறவில்லை. டிரைவர் கியரின் பெயர்தான் மாறியிருக்கிறது.

நம்ம பக்கம் என்ன நடக்கிறது?

ஆவடி மூடப்படவில்லை, நல்லது. ஆனால் மூடுவிழா நடக்காமலே ஒரு மூடல் நடக்க முடியும். அதற்குப் பெயர் 'ஆர்டர் இடைவெளி'.

அர்ஜுன் டாங்கியை எடுத்துக்கொள்வோம். ராணுவத்தின் முதல் ஆர்டர் 2000-இல், 124 டாங்கிகள். மேம்படுத்திய அர்ஜுனுக்கு அடுத்த பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 செப்டம்பரில்: 118 டாங்கிகள், 7,523 கோடி ரூபாய். இந்த ஒரே ஆர்டரால் 200-க்கும் மேற்பட்ட சப்ளையர் கம்பெனிகளுக்கும் சுமார் 8,000 பேருக்கும் வேலை கிடைக்கும் என்று அரசே அறிவித்தது. அந்த அறிவிப்பைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள்: ஓர் ஆர்டர் தள்ளிப்போனால் இத்தனை பேருக்கு வேலை இல்லை! இரண்டு ஒப்பந்தங்களுக்கும் நடுவில் 21 வருஷம். பெரிய பேக்டரிக்கு மற்ற டாங்கி வேலை இருந்தது. அர்ஜுனுக்கென்றே ஃபிக்ஸர் போட்ட சின்னப் பட்டறைக்கு?

உடைத் தொழிற்சாலையின் கதை வேறு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 முதல் சிப்பாய்களுக்கு உடைப்படியாக வருஷத்துக்கு 10,000 ரூபாய் பணமாகவே கொடுக்கத் தொடங்கினார்கள். சட்டைத் துணியை அவரே வெளியே வாங்கிக்கொள்ளலாம். சிப்பாய்க்கு அது சௌகரியம். தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு ஆர்டர் குறைந்தது. ஆனால் 2020 கொரோனா சமயத்தில் அதே ஆவடித் தொழிற்சாலை மருத்துவப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் தைத்துக் கொடுத்தது. மெஷின் அதே, கை அதே. பொருள் மட்டும் வேறு. தேவை என்றால் மாற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2021 அக்டோபர் 1 முதல் நாட்டின் 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. டாங்கி பேக்டரியும் எஞ்சின் பேக்டரியும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தில் சேர்ந்தன. உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போனது. தொடக்கத்திலேயே ஏழு கம்பெனிகளுக்கும் சேர்த்து சுமார் 65,000 கோடி ரூபாய் ஆர்டர்களை அரசு கொடுத்தது. தொழிலாளர்களின் மத்திய அரசுப் பணி நிபந்தனைகள் தொடரும் என்றும் சொன்னது. தொழிற்சங்கங்கள் இந்தப் பிரிப்பை எதிர்த்துப் போராடின. இதில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். உதவி எல்லாம் கேட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. வெளியே இருக்கும் மூன்றாவது, நான்காவது கியருக்கு என்ன உத்தரவாதம்?

எஸ்டேட்டில் சி.என்.சி. பட்டறை வைத்திருக்கும் என் மாமாவிடம் இதைக் கேட்டேன். "ஆர்டர் வராதுன்னு முன்னாடியே சொல்லிட்டா பரவாயில்லப்பா. நான் வேற ஜாபுக்கு ஓடிடுவேன். வரும் வரும்னு சொல்லிட்டு வராம இருக்கு பாரு, அதுலதான் பேங்க் வட்டி ஆளை முழுங்குது" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வந்ததை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். சிங்கப்பூருக்குக் கிடைத்த உதவிகளிலேயே பெரியது, என்றைக்குக் கேட் மூடும் என்று தெரிந்ததுதான். தேதி தெரிந்தால் பாதி உதவி!

என்ன கேட்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ராணுவத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் தொடங்கப்பட்டது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகியவை அதன் ஐந்து முனைகள். பரிசோதனைக் கூடங்கள் அமைக்க மத்திய அரசு 2020-இல் 400 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. செலவில் 75 சதவீதம் வரை மானியம். இவை நல்ல தொடக்கம். இவற்றோடு என் சிற்றறிவுக்கு எட்டிய சில கோரிக்கைகள்:

1. எந்த உதிரி பாகம், எந்த வருஷம், சுமாராக எத்தனை தேவைப்படும் என்ற பட்டியலை ரகசியம் கெடாத அளவுக்கு முன்கூட்டியே வெளியிட வேண்டும். தள்ளிப்போனால் அதையும் அறிவிக்க வேண்டும்.

2. ஆர்டர் இடைவெளியில் சின்னப் பட்டறைகளின் வங்கிக் கடனுக்குத் தவணை அவகாசம் தர வேண்டும். கேட் மூடிய பிறகு தரும் மானியத்தைவிட இது மலிவு.

3. பாலிடெக்னிக் லேப்களை மாலை நேரத்தில் பட்டறைத் தொழிலாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நாற்பது வயது டர்னர் அண்ணன் சி.என்.சி. புரோகிராம் கற்றுக்கொள்ள வேறு எங்கே போவார்?

4. பட்டறைகள் ராணுவ வேலையோடு கார், ரயில், மருத்துவக் கருவி என்று வேறு வேலையும் எடுக்கும்படி தரச்சான்றிதழ் செலவில் உதவ வேண்டும். நம்ம பாடியில் 1960-களிலிருந்தே சக்கரமும் பிரேக்கும் மின் சாதனமும் செய்யும் தொழிற்சாலைகள் நடக்கின்றன. இரண்டு காலில் நிற்கும் வசதி நமக்கு இயற்கையாகவே இருக்கிறது.

இதில் மூன்றாவது கோரிக்கைக்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. நம்ம மாணவர் சங்கமே முதல்வரிடம் மனு கொடுத்துப் பேசலாம். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு லேப், சொல்லிக்கொடுக்க இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேர். ஆரம்பிக்க அது போதும்.

நண்பர்களே, அடுத்த முறை இன்-பிளான்ட் டிரெயினிங் போகும்போது ஆளாளுக்கு மெஷின் பெயரையும் ஸ்பீடையும் ரெக்கார்டு நோட்டில் எழுதுவோம். கூடவே அங்கிருக்கும் ஃபோர்மேனிடம் ஒரு கேள்வியும் கேட்டு எழுதி வையுங்கள்: "சார், இந்த ஜாபுக்கு அடுத்த ஆர்டர் எப்போ சார்?"