காகித மடிப்புப் படங்கள் வரைவதற்கேற்ற மென்பொருளைத் தெரிந்தெடுத்தல்

காகிதத்தை மடித்து உருவம் செய்யக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவர் முன்னிலையில் இருக்கும்வரை, படம் அதிகம் தேவைப்படுவதில்லை. அவருடைய கைகளே பாடத்தை நடத்திவிடும். அதே பாடம் அச்சிட்ட தாளாக வேறோர் ஊருக்குச் செல்லுமாயின், அங்கே படமே ஆசிரியராகும். ஐந்தாம் படியில் ஒரு கோடு தவறினால் வகுப்பு முழுவதும் அப்படியிலேயே நின்றுவிடும். ஆகவே இத்தகைய படங்களை வரைவதற்கு எந்த மென்பொருளைக் கைக்கொள்வது என்பதை ஆராய்ந்து முடிவு செய்தல் அவசியமாகும்.

காகித மடிப்பு நெடுங்காலமாகவே கல்விக்குத் துணை செய்து வருகிறது. அதனைக் கொண்டு வடிவகணிதம் கற்பிக்கும் டி. சுந்தர ராவின் ஆங்கில நூல் 1893-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவர் குழுவினரும் உருவாக்கி 2014-ல் அறிவித்த ஃபோல்ட்ஸ்கோப் என்னும் நுண்ணோக்கியும் தாளை மடித்து அமைக்கப்படுவதே. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பவியல் துறையின் வாயிலாக அது இந்தியப் பள்ளிகள் பலவற்றைச் சென்றடைந்தது.

கோடுகளின் மொழி

இன்று உலகெங்கும் வழங்கும் மடிப்புக் குறியீடுகளுக்கு அடிப்படை அமைத்தவர் ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005). அவருடைய முறை 1954-ல் வெளிவந்த நூலில் இடம்பெற்றது. அமெரிக்கரான சாமுவேல் ராண்ட்லெட் 1961-ல் வெளியிட்ட நூலில் அதனை விரிவாக்கினார். இம்முறைப்படி தாளின் விளிம்பு தடித்த கோடாகும். முன்புறமாக மடிக்கும் பள்ளத்தாக்கு மடிப்பு சிறு கீற்றுகளாலாகிய கோடு. பின்புறமாக மடிக்கும் மலை மடிப்பு கீற்றும் புள்ளியும் மாறிமாறி வரும் கோடு. முன்னரே மடித்துப் பிரித்த தடம் மெல்லிய கோடாகவும், மறைந்திருக்கும் விளிம்பு புள்ளிக் கோடாகவும் காட்டப்படும். எம்மொழியினரும் இவற்றைப் படித்து மடிக்கலாம்.

இருவகை மென்பொருள்கள்

மடிப்புக் கலைக்குரிய மென்பொருள்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல. ராபர்ட் லாங் இயற்றிய ட்ரீமேக்கர், உருவத்தின் உறுப்புகளைக் கிளைக்கோடுகளாகக் கொடுத்தால் அதற்கேற்ற மடிப்புத் தட வரைபடத்தைக் கணக்கிட்டுத் தரும். ஜுன் மிதானி இயற்றிய ஓரிபா, தடங்களை வரைந்தால் மடிந்தபின் தோன்றும் வடிவத்தைக் காட்டும். அமாண்டா கசேயி உருவாக்கிய ஓரிகாமி சிமுலேட்டர், தாள் மடியும் விதத்தை முப்பரிமாணத்தில் அசைத்துக் காட்டும். புதிய உருவம் அமைப்போர்க்கு இவை பேருதவி. எனினும் “முதலில் இதை மடி, பின்னர் இதை மடி” என்று படிப்படியாகக் கற்பிக்கும் படங்களை வரைய இவற்றை நம்பியிருத்தல் இயலாது. அவ்வேலைக்குப் பொதுவான வரைகலை மென்பொருளே ஏற்றது.

வரைகலை மென்பொருளிலும் இருவகை உண்டு. படத்தைப் புள்ளிகளின் தொகுதியாகச் சேமிப்பது ஒன்று; கோடுகளின் முனைகளையும் அளவுகளையும் சேமிக்கும் வெக்டர் முறை மற்றொன்று. முன்னதிற் படத்தைப் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். பின்னதிற் படத்தை எவ்வளவு பெரிதாக்கினும் தெளிவு குன்றாது. ஒரு கோட்டை மட்டும் நகர்த்தித் திருத்தவும் இயலும். ஆகவே வெக்டர் முறையே தக்கது. இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா ஆகியவை விலை கொடுத்துப் பெறுவன. இங்க்ஸ்கேப், லிப்ரெஆபிஸ் டிரா ஆகியவை விலையின்றிக் கிடைப்பன.

சோதித்தறிய வேண்டிய ஐந்து

முதலாவது, கீற்றுக் கோடுகள். மேற்கூறிய வகைகள் அனைத்தையும் எளிதில் வரைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கிடும் மென்பொருள்கள் பல மலையைச் சிவப்பாலும் பள்ளத்தாக்கை நீலத்தாலும் காட்டுகின்றன. கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்தால் இரண்டும் சாம்பல் நிறமாகிவிடும். ஆதலால் வேற்றுமையைக் கோட்டின் வடிவிலேயே காட்டுதல் நன்று.

இரண்டாவது, பிரதிபலிப்பு. மடித்தல் என்பது, மடிப்புக் கோட்டைக் கண்ணாடியாகக் கொண்டு தாளின் ஒரு பகுதியைப் பிரதிபலித்தலே. மென்பொருளில் மேல்கீழாகப் புரட்டும் வசதி மட்டும் இருப்பினும் போதும். மடிப்புக் கோடு கிடைக்கோட்டிலிருந்து இடஞ்சுழியாக 22.5 பாகை சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். அக்கோட்டின் மேலுள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்து, அப்பகுதியை முதலில் மேல்கீழாகப் புரட்டி, பின்னர் கோணத்தின் இருமடங்காகிய 45 பாகை இடஞ்சுழியாகச் சுழற்றினால் மடிந்த நிலை கிடைக்கும்.

மூன்றாவது, ஒட்டும் வசதி. புதிய கோடு முனைகளிலும் வெட்டுப்புள்ளிகளிலும் தானே சென்று பொருந்த வேண்டும். கண்ணளவாக வைத்த கோட்டின் பிழை, படிதோறும் பெருகிக்கொண்டே செல்லும்.

நான்காவது, தமிழ் எழுத்து. “கொக்கு” என்ற சொல்லை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து பார்க்கலாம். ஒகரக் குறியின் இரு பகுதிகளும் ககரத்தின் இருபுறமும் சரியாக அமையுமாயின் அம்மென்பொருள் தமிழுக்கு ஏற்றது. பி.டி.எஃப். கோப்பாக மாற்றியபின்னும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

ஐந்தாவது, கோப்பின் வடிவம். ஃப்ரீஹேண்ட் என்னும் வரைகலை மென்பொருள் ஒருகாலத்தில் மிகுதியாக வழங்கி வந்தது. அதனை மேலும் வளர்ப்பதில்லை என்று 2007-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கே உரிய வடிவில் மட்டும் படங்களைச் சேமித்திருந்தோர் அவற்றை வேறு வடிவிற்கு மாற்ற வழிதேட நேர்ந்தது. எஸ்.வி.ஜி. என்பதோ 2001-ல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட வடிவம். பல மென்பொருள்கள் அதனைத் திறக்கவல்லன. எதில் வரைந்தாலும் எஸ்.வி.ஜி. பிரதி ஒன்றையும் வைத்திருத்தல் விவேகமாகும். வரைந்தவர் மாற்றலாகிச் சென்றபின்னும், அடுத்து வருபவர் அதனைத் திறந்து பிழை நீக்க இயலும்.

இறுதிச் சோதனை

பல படிகளையுடைய பெரிய உருவத்தைத் தொடங்குமுன், காகிதக் குவளை போன்ற எளியதொன்றை ஓரிரு மென்பொருள்களில் வரைந்து ஒப்பிடலாம். வரைந்ததை அச்சிட்டு, அதனை இதுவரை மடித்தறியாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அருகில் அமர்ந்திருக்கலாம், வாய் திறக்கலாகாது. அவருடைய கை எந்தப் படியில் தயங்குகிறதோ, அப்படியின் படத்தையே முதலில் திருத்த வேண்டும். அத்திருத்தத்தைச் சில நிமிடங்களில் செய்து முடிக்க எந்த மென்பொருள் இடந்தருகிறதோ, அதுவே ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் உகந்ததாகும்.