ஒளியியல் வட்டுச் செலுத்தி: இறுவட்டு மெதுவாக வாசிக்கப்படுவது ஏன்?



மடிக்கணினியில் இறுவட்டை இட்டதும் செலுத்தி சுழன்று, நின்று, மீண்டும் சுழன்று, நெடுநேரம் கழித்தே கோப்புகளைக் காட்டுவதை அவதானித்திருப்பீர்கள். உடனே செலுத்தி பழுது என முடிவுசெய்ய வேண்டாம். வட்டிலுள்ள தரவு வில்லையினூடாக வாசிக்கப்பட்டு, இணைப்பினூடாக நினைவகத்தை அடைகிறது. தடை எவ்விடத்தில் என்பதை அறிந்த பின்னரே திருத்தவேண்டும்.

முதலில் எவ்வளவு வேகத்தை எதிர்பார்க்கலாம் எனக் கணிப்போம். இறுவட்டின் 1 மடங்கு வேகம் செக்கனுக்கு 150 கிலோபைற்று. மடிக்கணினிச் செலுத்திகள் பல 24 மடங்கு வேகமுடையவை.

24 × 150 = 3600 கிலோபைற்று/செக்கன்
700 மெகாபைற்று = 700 × 1024 = 716 800 கிலோபைற்று
716 800 ÷ 3600 = ஏறத்தாழ 199 செக்கன்

அதாவது 3 நிமிடம் 19 செக்கன். நடைமுறையில் இதிலும் கூடும். வட்டு மாறாக் கோண வேகத்தில் சுழலும்போது உச்ச வேகம் வெளி விளிம்பில் மட்டுமே கிடைக்கும். பதிவோ மையத்தருகே தொடங்குகிறது. ஆகவே ஐந்து நிமிடமானால் அது குறையன்று. இருபது நிமிடமானால் சராசரி வேகம் 4 மடங்கே, காரணம் தேடுக.

மடிக்கணினியில் தட்டை வெளியே இழுக்கும்போது வில்லையும் அதனுடன் வெளியே வருகிறது. மேசைக் கணினியில் பெரும்பாலும் இவ்வாறில்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் செம்மண் தூசி வில்லையில் படிய இதுவே போதும். கணினியை நிறுத்தி, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் சற்று நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டெடுக்க. வாயால் ஊதினால் எச்சில்தான் படியும்.

வட்டை மென்மையான பருத்தித் துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க. வட்டமாகத் துடைக்கலாகாது. ஏன்? தரவுத் தடம் சுருளாக அமைந்தது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு பகுதியையே மறைப்பதால், வழுத் திருத்தும் முறை அதை மீட்டுவிடும். தடத்தின் வழியே விழும் கீறல் தொடர்ச்சியான தரவை மறைக்கும். இந்தக் காரணத்தை எழுதாமல் "நேராகத் துடைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையன்று.

சேதமுற்ற பகுதியைச் செலுத்தி திரும்பத் திரும்ப வாசிக்க முயல்வதும் தாமதத்துக்குக் காரணம். இங்கே வேகத்தைக் கூட்ட முயல்வது தவறு. செலுத்தியின் வேகத்தை மட்டுப்படுத்தும் மென்பொருளால் அதை 4 அல்லது 8 மடங்காகக் குறைத்தால் அதிர்வு குறையும். மீள்முயற்சிகள் குறைந்து வாசிப்பு விரைவாக முடிவதும் உண்டு.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமன்று. 2008, 2009 இடப்பெயர்வுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் குடும்பங்கள் பல தமது படங்களையும் ஆவணங்களையும் இழந்தன. உங்கள் வீட்டில் அக்காலத்து இறுவட்டு ஒன்று எஞ்சியிருந்தால், அதிலுள்ள படத்துக்கு வேறு பிரதி இல்லாதிருக்கலாம். பதிவு செய்யும் வட்டுகளின் சாயப்படை வெப்பத்தாலும் வெயிலாலும் சிதையும். அதனை அடிக்கடி ஓடவிட்டுப் பார்க்காமல், ஒருமுறை மெதுவாக வன்தட்டில் பிரதிசெய்து, பின்னர் அங்கிருந்தே பார்க்க. பென் டிரைவ் ஒன்றிலும் மேலதிகப் பிரதி வைத்துக்கொள்க.

வட்டும் வில்லையும் சுத்தமாயிருந்தும் வேகம் இல்லையெனில் இணைப்பைப் பார்க்க. விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினிகளில் வாசிப்பு வழுக்கள் பலமுறை நேர்ந்தால், பணிசெயல் முறைமை டி.எம்.ஏ. எனும் நேரடி நினைவக அணுகலைக் கைவிட்டு பி.ஐ.ஓ. முறைக்கு மாறிவிடும். அப்போது ஒவ்வொரு தரவையும் மத்திய முறைவழி அலகே நகர்த்தவேண்டும். கணினி முழுவதும் தளர்ந்துவிடும். கீறல் விழுந்த ஒரு வட்டை இட்டதன் விளைவு, நல்ல வட்டுகளையும் இவ்வாறு பாதிக்கிறது. டிவைஸ் மனேஜரில் செலுத்தி இணைந்துள்ள ஐ.டி.இ. செனலை நீக்கிக் கணினியை மீளத் தொடக்கினால், அது புதிதாக இனங்காணப்பட்டு டி.எம்.ஏ. முறை திரும்பும்.

இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் செலுத்தியே இல்லை; யு.எஸ்.பி. வழியாக வெளிச் செலுத்தியை இணைக்கிறோம். யு.எஸ்.பி. 2.0 துறை ஒன்று வழங்குவது 500 மில்லி அம்பியர். இது போதாவிடின் மோட்டார் நின்று நின்று சுழலும். வடத்தில் இரு முனைகள் இருந்தால் இரண்டையும் செருகுக.

பயிற்சி வினா: டிவிடியின் 1 மடங்கு வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைற்று. 8 மடங்கு வேகச் செலுத்தி ஒன்று, செக்கனுக்கு 3.3 மெகாபைற்று மட்டும் கடத்தும் பி.ஐ.ஓ. முறை 0 இல் இயங்குகிறது. வேகத்தை மட்டுப்படுத்துவது எது?

விடை: 8 × 1.385 = 11.08 மெகாபைற்று/செக்கன். இது 3.3 ஐ விடப் பெரிது. எனவே மட்டுப்படுத்துவது இணைப்பு முறையே, செலுத்தியன்று.