தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தளம் போட வேண்டும். எவ்வளவு செலவாகும்? எத்தனை மூட்டை வேண்டும்? எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறோம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மழை பெய்தால் இந்த இடத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

இந்தக் கேள்வியை லேக் கார்டன்ஸில் வைத்துப் பார்ப்போம்.

லேக் கார்டன்ஸ் கொல்கத்தாவின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. பக்கத்திலேயே பெரிய ஏரி. சற்றுத் தள்ளி லேக் மார்க்கெட். அந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. காப்பித் தூளும் வாழை இலையும் வாங்க லேக் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள்.

அந்த ஏரி தானாக உண்டானது அல்ல. மனிதர்கள் வெட்டியது. 1920-களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் அங்கே 192 ஏக்கர் நிலத்தை எடுத்தது. எல்லாம் சதுப்பு நிலம், புதர்க் காடு. அதில் ஏரி வெட்டினார்கள். பக்கத்து நிலத்தில் சில இடங்களை மேடாக்கினார்கள், சமன் செய்தார்கள். வீடுகள் வந்தன. ஏரியில் தண்ணீர் நிற்கும் பரப்பு மட்டும் 73 ஏக்கர். முன்பு டாகுரியா ஏரி என்றார்கள். 1958-ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாற்றினார்கள்.

இந்தக் கதை எதற்கு? அந்த வட்டாரத்து மண் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அது ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களிமண்ணும். தண்ணீர் பட்டால் களிமண் உப்பும். காய்ந்தால் சுருங்கும். சிமெண்டுத் தளம் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வளைந்து கொடுக்காது. அடியில் ஓர் இடத்தில் மண் இறங்கிவிட்டால், மேலே வண்டி ஏறும்போது தளம் அப்பளம் போல உடையும். மண்ணை இறங்க வைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

கொல்கத்தாவில் ஆண்டுக்கு 1600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை. 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே நாள் கணக்கில் 250 மில்லிமீட்டர் கொட்டியது. 250 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 10 அங்குலம். நகரமே முழங்கால் தண்ணீரில் நின்றது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். வாசல் விளக்குக்குத் தளத்தின் அடியில் வயர் போகிறதா? குழாய்க்குள் விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். வாசல் 20 அடி நீளம், 10 அடி அகலம். அப்படியானால் 200 சதுர அடி. அதில் 10 அங்குல மழை விழுந்தால் எவ்வளவு தண்ணீர்? 4,600 லிட்டருக்கு மேல். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால், 300 குடத்துக்கு மேல். மண் தரையாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் பூமிக்குள் போகும். சிமெண்டு போட்டுவிட்டால் அவ்வளவும் ஓடி எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும்.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

பாட்டி: ஏன் கண்ணு, வாசல் முழுக்க சிமெண்டு போட்டுடலாமா? சேறு மிதிச்சு மிதிச்சுக் காலெல்லாம் புண்ணு.

மகள்: போடலாம்மா. ஆனா நம்ம வாசலைவிட ரோடு உசரமா இருக்கே, பார்த்தீங்களா?

பாட்டி: நான் கல்யாணமாகி வந்தப்போ மூணு படி ஏறித்தான் வீட்டுக்குள்ள வரணும். இப்ப ரோட்டுலேர்ந்து இறங்கி வரோம்.

மகள்: ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டு மேலயே புது ரோடு போட்டுட்டாங்க. அதான் ரோடு ஏறிடுச்சு, வீடு தாழ்ந்துடுச்சு.

பழைய தெருக்கள் பலவற்றில் இதே கதைதான். தெருவுக்கு வாட்டம் கொடுக்க முடியாது. அப்போது என்ன செய்வது? வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிப் போகிற மாதிரி வாட்டம் கொடுங்கள். கேட்டுக்கு உட்புறம் குறுக்காக ஒரு சிறு வாய்க்கால் கட்டுங்கள். மேலே இரும்புக் கம்பி மூடி போடுங்கள். தெருவிலிருந்து இறங்கும் தண்ணீரையும் வாசல் தண்ணீரையும் அந்த வாய்க்கால் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து குழாய் வைத்து வடிகாலில் சேர்க்க வேண்டும்.

வாட்டம் எவ்வளவு? 10 அடிக்கு 2 அங்குலம். இது போதும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

இரண்டு காரியம் செய்யக் கூடாது. பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் வாட்டம் விடக் கூடாது. கார் ஏறுவதற்காகத் தெருவோர வடிகால் குழியை மூடிச் சாய்தளம் கட்டக் கூடாது. ஒரு வீடு குழியை மூடினால் தெருவில் பத்து வீட்டுக்குத் தண்ணீர் வரும். அந்தப் பத்தில் மூடியவர் வீடும் ஒன்று.

அடியில் இருப்பது

தளத்தில் பாதி வேலை அடியில்தான். மேல் மண், வேர், குப்பை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மண் கொட்டி உயர்த்துவதென்றால் ஆறு அங்குலம் கொட்டுங்கள். தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடியுங்கள். பிறகு அடுத்த ஆறு அங்குலம். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடி மண் தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது மழையில் விழித்துக்கொள்ளும்.

இடித்த மண் மேல் மணல் பரப்புவார்கள். அதன் மேல் ஒரு வரிசைச் செங்கல்லைப் படுக்க வைத்து அடுக்குவது வங்காளத்து வழக்கம். நல்ல வழக்கம்.

அங்கே கொத்தனாரை ராஜ்மிஸ்திரி என்பார்கள். உடைத்த செங்கல் ஜல்லிக்குக் கோயா என்று பெயர். அது ஆற்று வண்டல் நாடு, கல் கிடைப்பது அரிது. அதனால் செங்கல்லை உடைத்துப் போடும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. கருங்கல் ஜல்லி ஜார்க்கண்டில் உள்ள பாகுர் பக்கமிருந்து வருகிறது. உட்காரும் முற்றத்துக்குக் கோயா போதும். ஆனால் அது தண்ணீரைக் குடிக்கும். ஆகவே நன்றாக நனைத்த பிறகே கலக்க வேண்டும். கார் நிற்கும் இடத்துக்குக் கருங்கல் ஜல்லியே போடுங்கள்.

மூட்டையைப் படியுங்கள்

சிமெண்டு மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது? எடை 50 கிலோ என்று இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும். எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று எண்ணில் இருக்கும். எண் படிக்கத் தெரிந்தால் போதும், இதைப் படித்துவிடலாம். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டின் பலம் குறைந்திருக்கும். கையை உள்ளே விட்டால் மாவு போல் இருக்க வேண்டும். நசுக்கினாலும் உடையாத கட்டி இருந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், காசு நம்முடையது.

கலவை: சிமெண்டு 1 பங்கு, மணல் 2 பங்கு, ஜல்லி 4 பங்கு. பாண்டுச் சட்டியால் குத்துமதிப்பாக அளக்காதீர்கள். ஒரு மரப்பெட்டி செய்துகொள்ளுங்கள். நீளம் ஒரு அடி, அகலம் ஒரு அடி, உயரம் ஒன்றேகால் அடி. ஒரு மூட்டைச் சிமெண்டு அந்தப் பெட்டி அளவு. எனவே ஒரு மூட்டைக்கு மணல் 2 பெட்டி, ஜல்லி 4 பெட்டி.

நம் 200 சதுர அடிக்கு நாலு அங்குலக் கனத்தில் தளம் போட எவ்வளவு வேண்டும்? சிமெண்டு 12 மூட்டை. மணல் 30 கன அடி. ஜல்லி 60 கன அடி. அதாவது 100 சதுர அடிக்கு 6 மூட்டை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் யாரும் 20 மூட்டை கேட்டு ஏமாற்ற முடியாது. 7 மூட்டையில் முடிக்கிறேன் என்று சொல்பவரும் ஏமாற்றுகிறார்தான்.

தண்ணீர் ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் அளவு. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. கஞ்சி போல் கலக்கினால் கொட்டவும் பரப்பவும் சுலபம். அதனால் வேலை செய்பவர்கள் தண்ணீரைக் கூட்டுவார்கள். அதிகத் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும். போன இடம் ஓட்டையாகும். தளம் புழுதி விடும், வெடிக்கும். கலந்த கலவையை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசையக் கூடாது.

சித்தாள் வேலை செய்யும் அக்கா தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஈரச் சிமெண்டு சுண்ணாம்பு போலத் தோலை அரிக்கும். விரல் இடுக்கில் வரும் புண்ணை வேலைப் புண் என்று விட்டுவிடுகிறோம். ரப்பர் கையுறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேலைக்கு நடுவிலும் கையை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

தளம் காயும்போது கொஞ்சம் சுருங்கும். சுருங்கும்போது வெடிக்கும். இதை நிறுத்த முடியாது. எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு கோடு, ஓர் அங்குல ஆழம் வெட்டிவிட்டால் வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் போய்விடும். வீட்டுச் சுவரும் தளமும் ஒட்டக் கூடாது. நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டுத் தார் அட்டை வையுங்கள்.

மேலே வழுவழுப்பாகத் தேய்க்கச் சொல்வார்கள் நம் வீட்டுப் பெண்கள். கோலம் போட வேண்டுமே! ஆசை நியாயமானது. ஆனால் வழுவழுத் தளம் மழையில் பாட்டியின் இடுப்பை உடைக்கும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்துவிடுங்கள். கோலத்துக்குக் கூரை நிழலில் மூன்றடிச் சதுரம் மட்டும் வழுவழுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து தண்ணீர் விட வேண்டும். ஓரத்தில் மண் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம். ஈரச் சாக்கு போடலாம். சாதாரணச் சிமெண்டு என்றால் ஏழு நாள். சாம்பலோ கசடோ கலந்த சிமெண்டு என்றால் பத்து நாள். கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் கலந்ததுதான். வெயில் கடுமையாக இருந்தாலும் பத்து நாள். ஒரு நாள்கூடக் காய விடாதீர்கள். காரை ஏற்ற 28 நாள் பொறுங்கள். கொல்கத்தாவில் இந்த வேலைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

போட்ட பிறகு

மழைக்கு முன் வாய்க்காலில் உள்ள இலையை அள்ளுங்கள். பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டு, முரட்டுத் துடைப்பத்தால் தேயுங்கள். ஆசிட் ஊற்றாதீர்கள். அது சிமெண்டைத் தின்னும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு வரும். உயிருக்கே ஆபத்து.

முடி போன்ற வெடிப்பு இருந்தால் விட்டுவிடலாம். நாணயம் நுழையும் வெடிப்பை உளியால் வெட்டி அகலமாக்கிக் கழுவி, சிமெண்டுப் பால் பூசி, சாந்து அடைக்கலாம். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் மேலே பூசிப் பயனில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் உடைத்து, அடி மண்ணைச் சரிசெய்து புதிதாகப் போட வேண்டும். கோடு வெட்டியிருந்தால் ஒரு கட்டத்தோடு செலவு முடியும்.

இன்னொன்று. லேக் கார்டன்ஸில் பழைய வீடுகளின் முன்னால் மாமரம், தென்னை உண்டு. அடிமரம் வரை சிமெண்டை ஒட்டிப் போட்டால் மரம் மூச்சு முட்டும். வேர் தளத்தைத் தூக்கும். மரத்தைச் சுற்றி இரண்டு முழமாவது மண்ணாக விடுங்கள். கார்ச் சக்கரம் போகும் இடத்தில் மட்டும் இரண்டு பட்டை போட்டு, நடுவே புல்லாக விடலாம். எனக்குப் பிடித்தது இதுதான். செலவும் பாதிக்குமேல் மிச்சம். 300 குடத்தில் ஒரு பகுதி பூமிக்குள் போகும்.

கணக்குப் போடுங்கள்

உங்கள் வாசல் 15 அடி நீளம், 8 அடி அகலம். நாலு அங்குலத் தளத்துக்கு எத்தனை மூட்டை வேண்டும்?

தண்ணீர் 15 அடி நீளத்தில் ஓட வேண்டும். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம் வைப்பீர்கள்?

இன்று ஒரு சிமெண்டு மூட்டையைப் பாருங்கள். காலி மூட்டையானாலும் சரி. அதில் உள்ள வார எண்ணையும் ஆண்டையும் நோட்டில் எழுதி வாருங்கள்.